கற்பூரம், ஓம உப்பு, புதினா உப்பு: மூலக்கூறுகளுக்கு இடையே நடப்பது



கரிம வேதியியல் என்றதும் வினைகள்தான் நினைவுக்கு வரும். எந்தப் பிணைப்பு அறுகிறது, எது புதிதாக உருவாகிறது, அம்புக்குறியை எங்கே போடுவது என்பதிலேயே மூன்றாண்டுகள் ஓடிவிடும். இன்று வினை எதுவும் நடக்காத இடத்தைப் பற்றிப் பேச விரும்புகிறேன். நெய் உருகுகிறது, கற்பூரம் கரைந்து காற்றாகிறது, தேங்காய் எண்ணெய் உறைகிறது. இவற்றில் ஒரு மூலக்கூறுகூட வேறொன்றாக மாறுவதில்லை. மூலக்கூறுக்கும் மூலக்கூறுக்கும் நடுவில் உள்ள உறவு மட்டுமே மாறுகிறது. ஒரு பொருள் எப்போது உருகும், எப்போது கொதிக்கும், மணம் வீசுமா, எதில் கரையும், மாத்திரையாக விழுங்கினால் இரத்தத்தில் சேருமா என்பதையெல்லாம் அந்த உறவுதான் முடிவு செய்கிறது.

பள்ளியில் ஓர் அட்டவணையை மனப்பாடம் செய்திருப்பீர்கள். மேலே ஹைட்ரஜன் பிணைப்பு, அதற்குக் கீழே இருமுனை ஈர்ப்பு, கடைசி வரியில் லண்டன் விசை. அட்டவணையில் பொய் எதுவும் இல்லை. ஆனால் அதைப் படித்து வரும் மாணவர்கள், ‘ஹைட்ரஜன் பிணைப்பு இருந்தால் உருகுநிலை அதிகம், இல்லாவிட்டால் குறைவு’ என்று ஒரே வரியில் முடித்துக்கொள்கிறார்கள். தேர்வுத் தாளில் இந்த வரிக்கு மதிப்பெண்ணும் கிடைக்கிறது. எனக்கு நெடுநாளாக உள்ள மனக்குறை அந்த வரிதான். எத்தனால் 78 டிகிரியில் கொதிக்கிறது, அதே வாய்பாடுள்ள டைமெத்தில் ஈதர் பூச்சியத்துக்குக் கீழே 24 டிகிரியிலேயே கொதித்துவிடுகிறது என்ற உதாரணத்தை எல்லாப் புத்தகமும் சொல்லும். அந்த உதாரணம் சரியானது. அதோடு நிறுத்திக்கொள்வதில்தான் கோளாறு.

அட்டவணை ஒரே ஒரு தொடுகையின் வலிமையைச் சொல்கிறது. பொருளின் குணமோ, எத்தனை தொடுகைகள் இருக்கின்றன, மூலக்கூறின் வடிவம் அவற்றுக்கு இடம் கொடுக்கிறதா, படிகத்துக்குள் அவை எப்படி அடுக்கப்பட்டிருக்கின்றன என்பதைப் பொறுத்தது. இன்னொன்றும் உண்டு. உருகுநிலையைத் திண்மத்தின் உறுதிக்கு அளவுகோல் என்று எண்ணுகிறோம். திண்மத்தையும் நீர்மத்தையும் தராசின் இரு தட்டில் வைத்துப் பார்த்தால் கிடைக்கும் எண் அது. ஒரு தட்டை மட்டும் பார்த்து அதைச் சொல்ல முடியாது.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1873இல் லைடன் பல்கலைக்கழகத்தில் வான் டெர் வால்ஸ் தம் முனைவர் ஆய்வேட்டைக் கொடுத்தார். வாயு மூலக்கூறுகளுக்கு இடையே ஈர்ப்பு இருக்க வேண்டும், இல்லாவிட்டால் எந்த வாயுவும் நீர்மமாகவே ஆகாது என்பது அதன் சாரம். மூலக்கூறு என்று ஒன்று உண்மையில் உண்டா என்றே அறிஞர்கள் வாதாடிக்கொண்டிருந்த காலம் அது. அப்போதே அவை ஒன்றையொன்று ஈர்க்கின்றன என்று சமன்பாடு எழுதிய துணிச்சலை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது. 1910இல் நோபல் பரிசு வந்தது. முனைவுள்ள மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஏன் ஈர்க்கின்றன என்பதைக் கீசோமும் டிபையும் 1920களின் தொடக்கத்தில் விளக்கினார்கள். முனைவே இல்லாத மீத்தேன் ஏன் நீர்மமாகிறது என்ற கேள்விக்கு மட்டும் விடை கிடைக்கவில்லை. 1930இல் ஃபிரிட்ஸ் லண்டன் குவாண்டம் இயக்கவியலைக் கொண்டு அதற்கு விடை சொன்னார். எலக்ட்ரான்கள் ஓயாமல் அசைகின்றன. ஒரு கணத்தில் ஒரு பக்கம் சற்றே கூடிவிட்டால், அக்கம்பக்கத்து மூலக்கூறின் எலக்ட்ரான்களும் அதற்கேற்ப ஒதுங்குகின்றன. அந்தக் கணநேர ஒத்திசைவுதான் ஈர்ப்பாகிறது.

இதன் அளவு எவ்வளவு? ஒரு நேர்ச்சங்கிலி ஹைட்ரோகார்பனில் ஒரு மெத்திலீன் தொகுதியைக் கூட்டினால், அதை ஆவியாக்க மோலுக்கு ஏறத்தாழ 5 கிலோஜூல் கூடுதலாகத் தேவைப்படும். ஒரு ஹைட்ரஜன் பிணைப்புக்குச் சுமார் 20 கிலோஜூல் என்று வைத்துக்கொண்டால், இது அதில் கால்பங்கு. அற்பம் என்று ஒதுக்கத் தோன்றும். ஆனால் நான்கு மெத்திலீன் சேர்ந்தால் ஒரு ஹைட்ரஜன் பிணைப்புக்குச் சமம். இருபது கார்பன் உள்ள ஐகோசேனை ஆவியாக்க மோலுக்குச் சுமார் 100 கிலோஜூல் வேண்டும். மெழுகுவர்த்தி திண்மமாக நிற்பது இந்த அற்பங்களின் கூட்டால்தான். கணக்கை இன்னும் நீட்டிப் பாருங்கள். எழுபது கார்பன் வந்ததும் கூட்டுத்தொகை 350 கிலோஜூல். அது ஒரு கார்பன்–கார்பன் சகப்பிணைப்பின் வலிமை. அதற்கு மேல் நீளும் சங்கிலியைச் சூடாக்கினால், சங்கிலிகள் ஒன்றையொன்று விட்டுப் பிரிவதற்குள் சங்கிலியே அறுந்துபோகும். பாலிதீனுக்குக் கொதிநிலை என்று ஒன்று கிடையாது. அட்டவணையின் கடைசி வரியில் இருக்கும் விசை, ஆயிரக்கணக்கில் சேர்ந்தால் முதல் வரிக்கும் மேலே உள்ள சகப்பிணைப்பையே வென்றுவிடுகிறது. இதை ஒரு தேர்வுக் கேள்வியாக நான் எங்கும் பார்த்ததில்லை.

இனி வடிவத்துக்கு வருவோம். நான் மிகவும் விரும்பும் இணை ஒன்று உண்டு. எட்டுக் கார்பன், பதினெட்டு ஹைட்ரஜன். இதே அணுக்களை நேர்ச்சங்கிலியாகக் கோத்தால் ஆக்டேன். பெட்ரோலில் உள்ள வகைப் பொருள். பூச்சியத்துக்குக் கீழே 57 டிகிரியில் உருகி, 126 டிகிரியில் கொதிக்கிறது. நடுவில் 180 டிகிரிக்கு மேல் நீர்மமாகவே இருக்கிறது. அதே அணுக்களை உருண்டையாகத் திரட்டினால் ஹெக்சாமெத்தில் ஈத்தேன் கிடைக்கும். அது உருகுவது ஏறத்தாழ 101 டிகிரியில், கொதிப்பது 106 டிகிரியில். அதாவது ஐந்தாறு டிகிரிக்குள் நீர்ம வாழ்க்கையே முடிந்துவிடுகிறது. இரண்டிலும் ஹைட்ரஜன் பிணைப்பு இல்லை, சொல்லத்தக்க முனைவும் இல்லை. இருப்பது லண்டன் விசை ஒன்றே.

கொதிநிலை இறங்கியதற்குக் காரணம் எளிது. உருண்டைக்கு மேற்பரப்பு குறைவு, ஆகவே தொடுகையும் குறைவு. கொதிப்பது என்றால் மூலக்கூறுகள் முற்றாகப் பிரிந்து போவது. அங்கே தொடுகைக் கணக்கு நேராகப் பொருந்தும். உருகுநிலை ஏன் 150 டிகிரிக்கு மேல் ஏறியது? ஈர்ப்பு குறைந்திருக்கும்போது உருகுநிலை ஏறலாமா? மாணவர் எழுதும் அந்த ஒரு வரி இங்கே உடைகிறது. உயர்ந்த சமச்சீர் உள்ள மாற்றியங்கள் உயர்ந்த வெப்பநிலையில் உருகும் என்பதைத் தாமஸ் கார்னெல்லி 1882இலேயே கவனித்துச் சொல்லிவிட்டார். பென்டேன்கள் மூன்றிலும் இதே கதை. உருண்டையான நியோபென்டேனுக்குக் கொதிநிலை மூன்றிலும் குறைவு, உருகுநிலை மூன்றிலும் அதிகம். ஆல்கஹால்களிலும் பாருங்கள். நேர்ச்சங்கிலி பியூட்டனால் பூச்சியத்துக்குக் கீழே 90 டிகிரி வரை உறையாது. அதன் உருண்டை மாற்றியமான மூவிணைய பியூட்டைல் ஆல்கஹால் 25 டிகிரியிலேயே உறைந்துவிடும். குளிர்கால ஆய்வகத்தில் குப்பியைக் கவிழ்த்தும் ஒரு சொட்டுக்கூட விழாமல் மாணவர்கள் விழிப்பதைப் பேராசிரியர்கள் பார்த்திருப்பீர்கள்.

இதற்கான விளக்கத்தைக் கற்பூரத்தைக் கொண்டு சொல்கிறேன். அதற்கு முன் சமையலறைக்குப் போய் வந்துவிடலாம், ஏனென்றால் அடுக்கு என்பதன் பொருள் அங்கே கண்ணுக்குத் தெரிகிறது.

மார்கழி மாதம் கோயம்புத்தூர்ப் பக்கம் தேங்காய் எண்ணெய் பாட்டிலிலேயே உறைந்து நிற்கும். அதே அலமாரியில் நல்லெண்ணெய் இளகியபடியே இருக்கும். இரண்டும் கிளிசரைடுகள். இரண்டிலும் ஹைட்ரஜன் பிணைப்புக்குக் கொடுக்க ஹைட்ராக்சில் தொகுதி இல்லை. தேங்காய் எண்ணெயில் ஏறத்தாழ பாதி லாரிக் அமிலச் சங்கிலி. பன்னிரண்டு கார்பன், முழுக்க நேர். நல்லெண்ணெயில் பெரும்பகுதி ஒலியிக், லினோலியிக் அமிலச் சங்கிலிகள். பதினெட்டுக் கார்பன், அதாவது நீளம் கூடுதல், லண்டன் விசையும் கூடுதல். நீளத்தை மட்டும் பார்த்தால் நல்லெண்ணெய்தான் முதலில் உறைந்திருக்க வேண்டும். ஆனால் அந்தச் சங்கிலிகளில் ஒருபக்க இரட்டைப் பிணைப்பு இருக்கிறது, அந்த இடத்தில் சங்கிலி வளைந்துவிடுகிறது. நேரான விறகையும் கோணல் விறகையும் அடுக்கிப் பார்த்தவர்களுக்கு மேற்கொண்டு சொல்லத் தேவையில்லை. பதினெட்டுக் கார்பன் அமிலங்கள் மூன்றை வைத்தால் இது எண்ணிலேயே தெரியும். நேரான ஸ்டீயரிக் அமிலம் சுமார் 70 டிகிரியில் உருகும். வளைந்த ஒலியிக் அமிலம் 13 டிகிரியில். இரட்டைப் பிணைப்பு இருந்தும் மறுபக்க அமைப்பால் ஏறத்தாழ நேராக நிற்கும் எலைடிக் அமிலம் 45 டிகிரியில். வனஸ்பதி செய்யும்போது ஹைட்ரஜனை ஏற்றி எண்ணெயைக் கெட்டியாக்குகிறார்கள். அப்போது துணைவிளைவாக இந்த மறுபக்கச் சங்கிலிகளும் உருவாகின்றன. அவை இதயத்துக்குக் கேடு என்று தெரிந்த பின், 2022 ஜனவரி முதல் உணவு எண்ணெயிலும் கொழுப்பிலும் அவை 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று நம் நாட்டில் விதி வந்தது. கெட்டியாக நிற்கிறது, பார்க்க நெய்போல இருக்கிறது என்ற குணமும், உடலுக்கு ஆகாது என்ற குணமும் ஒரே நேர்ச்சங்கிலியிலிருந்து வருகின்றன.

இப்போது நாட்டு மருந்துக் கடைக்குப் போவோம். இந்த மேசையில் மூன்று பொட்டலங்கள் இருக்கின்றன. மூன்றும் இந்த ஊர்க் கடையிலேயே வாங்கியவை. ஒன்று பச்சைக் கற்பூரம். இரண்டாவது ஓம உப்பு, வேதியியலில் தைமால். மூன்றாவது புதினா உப்பு, அதாவது மென்தால். உப்பு என்று பெயரே தவிர, அயனிகள் எதுவும் கிடையாது. மூன்றும் கரிம மூலக்கூறுகள். மூன்றிலும் பத்துக் கார்பன்கள், ஓர் ஆக்சிஜன். மூலக்கூறு எடை முறையே 152, 150, 156. ஒப்பிடுவதற்கென்றே இயற்கை எடுத்து வைத்ததுபோல இப்படி மூன்று பொருள்கள் ஒரே கடையில் கிடைப்பது ஆசிரியர்களுக்குப் பெரும் வாய்ப்பு.

கொதிநிலைகளைப் பாருங்கள். கற்பூரம் சுமார் 205, மென்தால் 212, தைமால் 232. ஹைட்ரஜன் பிணைப்புக்கு வழியுள்ள இரண்டும் சற்று மேலே, வழியில்லாத கற்பூரம் கீழே. அட்டவணை சொல்வது நடக்கிறது. உருகுநிலைகள்? மென்தால் 42, தைமால் 50. கற்பூரம் 177. அதற்கு இருப்பது ஒரு கார்பனைல் தொகுதி மட்டுமே. ஹைட்ரஜனைக் கொடுக்க அதனிடம் ஒன்றுமில்லை. அப்படியிருந்தும் மற்ற இரண்டையும் 120 டிகிரிக்கு மேல் தாண்டி நிற்கிறது.

கற்பூர மூலக்கூறு ஏறத்தாழ ஓர் உருண்டை. வளையத்துக்கு மேல் பாலம்போலக் கார்பன் வைத்துக் கட்டியது, அசைந்து மடங்க இடமில்லாதது. படிகத்துக்குள் அது தன் இடத்தை விட்டு நகராது. ஆனால் தன் இடத்திலேயே சுழன்றுகொண்டிருக்கும். பூச்சியத்துக்குக் கீழே சுமார் 30 டிகிரிக்கு மேல் போனாலே இந்தச் சுழற்சி தொடங்கிவிடுகிறது. நம் வீட்டுப் பூசையறையில் இருக்கும் கற்பூரத் துண்டின் ஒவ்வொரு மூலக்கூறும் இந்த நிமிடம் திசை மாறிச் சுழன்றபடி இருக்கிறது. இத்தகைய படிகங்களுக்கு இளகுபடிகம் என்று பெயர். 1930களில் திம்மர்மான்ஸ் இவற்றைத் தனி வகையாகப் பிரித்துக் காட்டினார். மருந்தாளுநர்களுக்கு இது அனுபவத்தில் தெரியும். கற்பூரத்தை உரலில் இட்டு இடித்தால் பொடியாகாது, மெழுகுபோல நசுங்கித் திரும்ப ஒட்டிக்கொள்ளும். சில சொட்டு ஆல்கஹால் விட்டு அரைத்தால்தான் பொடியாகும். கற்பூர வில்லைகளை வேறு பசை எதுவும் சேர்க்காமல் அழுத்தியே செய்ய முடிவதும் இதனால்தான்.

சுழல்வதற்கும் உருகுநிலைக்கும் என்ன தொடர்பு? உருகும்போது ஒரு மூலக்கூறுக்குக் கிடைப்பது விடுதலை. வேதியியலர் அதை என்ட்ரோபி என்று அளக்கிறார்கள். அந்த விடுதலைக்குக் கொடுக்கும் விலை உருகு வெப்பம். விலையை விடுதலையால் வகுத்தால் கிடைப்பது உருகுநிலை, கெல்வினில். நாப்தலீனை, அதாவது பாச்சா உருண்டையை எடுத்துக்கொள்ளுங்கள். உருகு வெப்பம் மோலுக்கு 19,000 ஜூல். தட்டையான மூலக்கூறுகள் ஒன்றுக்கொன்று சாய்ந்து, அசையாமல் அடுக்கி இருப்பவை. உருகும்போது நகரவும் சுழலவும் இரண்டு விடுதலையும் ஒருசேரக் கிடைப்பதால் என்ட்ரோபி 54 அலகு கூடுகிறது. வகுத்தால் 352 கெல்வின், சுமார் 80 டிகிரி செல்சியஸ். கற்பூரத்தின் உருகு வெப்பம் வெறும் 6,800 ஜூல். நாப்தலீனில் மூன்றில் ஒரு பங்கைவிடச் சற்றே அதிகம். படிகத்தின் பிடி தளர்வாகத்தான் இருக்கிறது. ஆனால் சுழற்சி விடுதலை ஏற்கெனவே கையில் இருப்பதால், உருகிப் பெறும் என்ட்ரோபி 15 அலகுதான். வகுத்தால் ஏறத்தாழ 450 கெல்வின். அதுதான் 177 டிகிரி. திண்மமாக இருக்கும்போதே பாதி விடுதலையை அனுபவிக்கும் பொருளுக்கு உருகுவதில் பெரிய ஆதாயம் இல்லை. ஆகவே அது உருக அவசரப்படுவதில்லை. ஹெக்சாமெத்தில் ஈத்தேனுக்கும் நியோபென்டேனுக்கும் இதே விளக்கம்தான்.

நாப்தலீன் என்றதும் ஒருவரை நினைவுகூராமல் போக முடியாது. 1898இல் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன். ஒரு படிகத்தின் காந்தப் பண்பு திசைக்குத் திசை மாறுவதை மிக நுட்பமாக அளந்து, அதைக் கொண்டே நாப்தலீன், ஆந்த்ரசீன் போன்ற படிகங்களுக்குள் மூலக்கூறுகள் எந்தக் கோணத்தில் சாய்ந்து நிற்கின்றன என்று 1930களில் அவரும் அவருடைய உடன் ஆய்வாளர்களும் கண்டு சொன்னார்கள். எக்ஸ்கதிர்ப் பகுப்பாய்வு கடும் உழைப்பாக இருந்த அந்நாளில், மூலக்கூறுகளின் அடுக்கை அறிய அது இன்னொரு வாசலைத் திறந்தது. அவர் பெயரை ராமன் விளைவோடு மட்டும் சேர்த்துச் சொல்வது அவருக்குச் செய்யும் குறைந்த மரியாதை என்பது என் எண்ணம்.

கற்பூரத்தின் சிறிய உருகு வெப்பத்தால் வேறொரு பயனும் கிடைத்தது. அதில் வேறு பொருளைச் சிறிது கரைத்தால் உருகுநிலை மளமளவென்று இறங்கும். ஒரு கிலோ தண்ணீரில் ஒரு மோல் கரைத்தால் உறைநிலை 1.86 டிகிரிதான் இறங்கும். நாப்தலீனில் 7 டிகிரி. கற்பூரத்தில் ஏறத்தாழ 38 டிகிரி. 1922இல் கார்ல் ராஸ்ட் இதைப் பிடித்துக்கொண்டார். பத்து மில்லிகிராம் கற்பூரம், ஒரு மில்லிகிராம் மாதிரி, ஒரு நுண்குழாய், ஆய்வகத்துச் சாதாரண வெப்பமானி. இவை போதும், ஒரு புதிய சேர்மத்தின் மூலக்கூறு எடையைக் கண்டுவிடலாம். மாதிரியின் மூலக்கூறு எடை 200 என்றால் உருகுநிலை சுமார் 19 டிகிரி இறங்கும், கண்ணாலேயே படித்துவிடலாம். நிறமாலைக் கருவிகள் வராத காலத்தில் எத்தனையோ இயற்கைப் பொருள்களின் எடை இந்த முறையில் அளக்கப்பட்டது.

தைமாலைப் பற்றி ஒரு செய்தி. அதற்குக் கார்வக்ரால் என்று ஒரு மாற்றியம் உண்டு. நம் வீட்டுத் தொட்டியில் வளரும் கற்பூரவல்லி இலையின் மணத்தில் பெரும்பங்கு அதனுடையது. இரண்டிலும் அதே பென்சீன் வளையம், அதே மூன்று தொகுதிகள். தைமாலில் ஹைட்ராக்சில் தொகுதி ஐசோபுரொப்பைலுக்கு அடுத்து நிற்கிறது, கார்வக்ராலில் மெத்திலுக்கு அடுத்து. கொதிநிலையில் வேறுபாடு ஐந்து டிகிரிதான். நீர்மத்தில் இரண்டுக்கும் ஏறத்தாழ ஒரே ஈர்ப்பு என்று பொருள். உருகுநிலையோ தைமாலுக்கு 50, கார்வக்ராலுக்குப் பூச்சியத்தை ஒட்டி. அறை வெப்பநிலையில் ஒன்று படிகம், இன்னொன்று எண்ணெய். ஆர்த்தோ நைட்ரோ பீனாலையும் பாரா நைட்ரோ பீனாலையும் நீராவியால் பிரிக்கும் சோதனையை எல்லாரும் செய்திருப்பீர்கள். அங்கே காரணம் தெளிவு. ஆர்த்தோவில் ஹைட்ரஜன் பிணைப்பு மூலக்கூறுக்கு உள்ளேயே முடிந்துவிடுகிறது, அக்கம்பக்கத்தைப் பிடிக்கக் கை மிச்சமில்லை. அதனால் கொதிநிலையும் இறங்குகிறது, உருகுநிலையும் இறங்குகிறது. தைமால்–கார்வக்ரால் இணையில் அப்படி ஒற்றைக் காரணம் கிடையாது. படிகத்தில் எது நன்றாக அடுக்கி அமைகிறது என்பதுதான் கேள்வி.

மென்தாலைப் புதினா எண்ணெயைக் குளிரவைத்தே படிகமாக எடுக்கிறார்கள். உத்தரப் பிரதேசத்தில் இது பெரிய தொழில். அந்த ஊசிப் படிகங்களில் இடக்கை வடிவ மூலக்கூறு மட்டும் இருக்கிறது. வலக்கை வடிவத்தைச் சம அளவு கலந்தால் உருகுநிலை சில டிகிரி இறங்கும். ஒரே கையுள்ளவை அடுக்குவதும் இரு கையும் கலந்து அடுக்குவதும் ஒன்றல்ல.

இப்போது மூன்றையும் சம அளவில் இந்தக் குப்பியில் போட்டு மூடிக் குலுக்குகிறேன். முன்வரிசையில் இருக்கும் மாணவர்கள் எழுந்து வந்து பாருங்கள். முதலில் கட்டிகளின் ஓரம் நனைந்ததுபோல மினுக்கும். பிறகு வியர்ப்பதுபோல அடியில் நீர்மம் சேரும். குப்பியைக் கையில் பிடித்தால் சற்றே குளிர்ந்திருக்கும், ஏனென்றால் உருகத் தேவையான வெப்பத்தை அது தன்னிடமிருந்தும் உங்கள் உள்ளங்கையிலிருந்தும்தான் எடுக்கிறது. சில நிமிடங்களில் திண்மம் முழுதும் மறைந்து தெளிந்த தைலம் மட்டும் இருக்கும். தண்ணீர் ஒரு சொட்டு சேர்க்கவில்லை, அடுப்பு இல்லை. 177 டிகிரி வரை உருக மறுத்த கற்பூரம் அறை வெப்பநிலையில் ஓடுகிறது. வலிக்கும் தலைவலிக்கும் இதைத் தேய்ப்பது நம் வீடுகளில் வழக்கம். மருந்தியல் மாணவர்களுக்கு இது வேறு விதத்தில் பழக்கம். இந்த மூன்றையும் பொடி மருந்தில் ஒன்றாகச் சேர்க்காதே, ஈரமாகிவிடும் என்பது அவர்களுடைய பழைய பாடம். ஓர் எச்சரிக்கையும் சொல்லியாக வேண்டும். இந்தத் தைலத்தைக் குழந்தைகளுக்கு உள்ளுக்குக் கொடுக்கவே கூடாது. கற்பூரம் சிறு அளவிலேயே வலிப்பை உண்டாக்கும்.

ஏன் உருகியது? இரண்டு காரணங்கள் கைகோத்து நிற்கின்றன. எந்தப் பொருளிலும் வேறொன்று கலந்தால் நீர்மத் தட்டு கனக்கும், உருகுநிலை இறங்கும். கற்பூரத்தில் அது எவ்வளவு வேகமாக இறங்கும் என்று இப்போதுதான் பார்த்தோம். இதற்கு மேலும் ஒன்று நடக்கிறது. தைமால் ஒரு பீனால். அதன் ஹைட்ராக்சில் தொகுதி ஹைட்ரஜனை நன்றாகக் கொடுக்கும். ஆனால் அதன் ஆக்சிஜன் வாங்குவதில் மந்தம், ஏனென்றால் அதன் எலக்ட்ரான்களில் ஒரு பகுதியைப் பென்சீன் வளையம் இழுத்துக்கொள்கிறது. தூய தைமாலில் கொடுக்க வல்லவர்கள் மட்டும் கூடியிருக்கிறார்கள், வாங்க நல்ல ஆள் இல்லை. கற்பூரத்தின் கார்பனைலோ வாங்க மட்டுமே தெரிந்தது. மென்தாலின் ஆக்சிஜனும் தைமாலுடையதைவிட நன்றாக வாங்கும். மூன்றும் கலந்ததும் ஒவ்வொன்றுக்கும் தன் படிகத்தில் கிடைக்காத துணை நீர்மத்தில் கிடைத்துவிடுகிறது. அட்டவணையின் உச்சியில் இருக்கும் ஹைட்ரஜன் பிணைப்பு இங்கே உருகுநிலையை ஏற்றவில்லை. இறக்கியது. ஹைட்ரஜன் பிணைப்பு திண்மத்தில் இருக்கிறதா, நீர்மத்தில் அதைவிடச் சிறப்பாக அமைகிறதா என்பதைக் கேட்காமல் உருகுநிலையைப் பற்றிப் பேசவே கூடாது என்று நான் சொல்வது இதனால்தான்.

யூடெக்டிக் கலவை எனப்படும் இந்த நிகழ்வு மருத்துவமனையிலும் இருக்கிறது. குழந்தைக்கு ஊசி போடும் முன் தோலை மரக்கச் செய்யத் தடவும் எம்லா களிம்பைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதில் லிடோகெயின், பிரைலோகெயின் என்ற இரண்டு மருந்துகள். தனித்தனியே ஒன்று 68 டிகிரியிலும் மற்றது 38 டிகிரியிலும் உருகும் திண்மங்கள். சம அளவில் கலந்தால் 18 டிகிரியிலேயே எண்ணெயாகிவிடும். படிகமாக இருக்கும் மருந்து சேதமில்லாத தோலுக்குள் எளிதில் இறங்காது. எண்ணெயாக, அதுவும் வேறு கரைப்பான் கலக்காத அடர்ந்த எண்ணெயாக இருப்பதால் இது இறங்குகிறது. நாட்டு மருந்துக் கடைத் தைலமும் இதுவும் ஒரே இயற்பியலைப் பயன்படுத்துகின்றன.

கடைசியாக, மூலக்கூற்றிடை விசைகளின் மிகச் சிறிய வேறுபாடு எவ்வளவு பெரிய விளைவைக் கொண்டுவரும் என்பதற்கு ஒரு நிகழ்ச்சி. ரிட்டோனவிர் என்ற எச்.ஐ.வி. மருந்து 1996இல் விற்பனைக்கு வந்தது. அது ஒரே ஒரு படிக வடிவத்தில்தான் உண்டு என்று எல்லாரும் நம்பினார்கள். இரண்டாண்டுகள் எந்தச் சிக்கலும் இல்லை. 1998இல் தயாரித்த காப்ஸ்யூல்கள் கரைதிறன் சோதனையில் தோற்கத் தொடங்கின. பகுத்துப் பார்த்தபோது மூலக்கூறு அதேதான், ஓர் அணுவும் மாறவில்லை. ஆனால் மூலக்கூறுகள் வேறு விதமாக மடங்கி, மேலும் உறுதியான ஹைட்ரஜன் பிணைப்புகளோடு இன்னோர் அடுக்கில் அமைந்திருந்தன. இரண்டு வடிவங்களின் உருகுநிலைகளுக்கு இடையே மூன்று டிகிரிதான் வேறுபாடு. கரைதிறனிலோ பெருத்த இடைவெளி. புதிய வடிவம் ஒருமுறை தோன்றிய பின், அதன் நுண்ணிய துகள் பட்ட இடமெல்லாம் பழைய வடிவத்தை எடுப்பது அரிதாகிவிட்டது. உயிர்காக்கும் மருந்தின் காப்ஸ்யூல்கள் சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டன. நோயாளிகள் வாய்க்கு உவப்பில்லாத நீர்ம மருந்தைக் குடித்துச் சமாளித்தார்கள். பின்னர் குளிர்பதனப் பெட்டியில் வைக்கும் மென்காப்ஸ்யூலாக மருந்தை மாற்றி வடிவமைத்தார்கள்.

அதற்குப் பிறகு, பதிவு செய்யும் முன் ஒவ்வொரு மருந்தின் படிக வடிவங்களையும் தேடித் துருவுவது உலகெங்கும் வழக்கமாயிற்று. மூலக்கூறின் படத்தை மட்டும் கொடுத்து, அது எந்தப் படிகமாக அமையும் என்று கணினியால் முன்கூட்டிச் சொல்ல முடியுமா என்ற போட்டியைக் கேம்பிரிட்ஜ் படிகத் தரவு மையம் 1999 முதல் நடத்திவருகிறது. அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையே உள்ள ஆற்றல் வேறுபாடு பெரும்பாலும் மோலுக்கு ஓரிரு கிலோஜூலுக்குள்தான். ஒற்றை மெத்திலீன் தொகுதி தரும் 5 கிலோஜூலுக்கும் குறைவு. அந்த அளவு நுட்பத்தோடு லண்டன் விசையைக் கணக்கிடுவதுதான் இன்று இத்துறையில் இருக்கும் இளைஞர்களின் வேலை. கணினிகள் எவ்வளவோ முன்னேறிவிட்டன. ஆனாலும் புதிய சேர்மம் ஒன்றின் உருகுநிலையை முன்னறிவிக்கச் சொன்னால், முப்பது நாற்பது டிகிரி பிசகுவது இன்றும் சாதாரணம்.

ரிட்டோனவிர் 2021இல் கோவிட் சிகிச்சைக்கான இணை மருந்தாக மறுபடி வீடுகளுக்குள் வந்தது. உலகிலேயே மிகவும் துருவி ஆராயப்பட்ட மருந்துப் படிகங்களில் அது ஒன்று. இரண்டாவது வடிவம் வெளிப்பட்டு இருபத்துநான்கு ஆண்டுகள் கழிந்து, உருக்கிய மருந்தைக் குளிர்வித்துப் படிகமாக்கும்போது, அதற்கு மூன்றாவது வடிவம் ஒன்றும் இருப்பது தெரியவந்தது.